பிள்ளையின் நாவும் பள்ளியின் மொழியும் – பட்டானி தரும் படிப்பினை

மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் பணியில் அமர்ந்து இருபது ஆண்டுகள் நிறைவுறப் போகின்றன. எத்தனையோ பிள்ளைகள் வந்தார்கள்; ஓதினார்கள்; சென்றார்கள். அவர்களுள் ஒரு சிறுவனின் முகம் மட்டும் என் நெஞ்சை விட்டு அகலவே இல்லை.

அவனுக்கு அப்போது ஆறு வயது. அவனுடைய தந்தையார் தோல் வணிகத்தின் பொருட்டு ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து எங்கள் ஊருக்குக் குடும்பத்தோடு வந்து குடியேறியவர். மாலை நேர மக்தபில் அவனைச் சேர்த்தார்கள். வந்த நாள் முதல் அவன் வாய் திறக்கவில்லை. எழுத்துகளைக் காட்டினால் ஓதுவான். “உளூவின் ஃபர்ளுகள் எத்தனை?” என்று கேட்டால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். கதை சொல்லி எல்லாப் பிள்ளைகளும் சிரிக்கும்போது, அவன் மற்றவர்களைப் பார்த்து, ஒரு கணம் தாமதித்துச் சிரிப்பான். ஐந்தாறு மாதங்கள் பொறுத்துப் பார்த்தேன். பிறகு பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே ‘மந்தம்’ என்று என் கையாலேயே எழுதிப் பின்வரிசையில் உட்கார வைத்தேன்.

ஒருநாள் வேலூர்ப் பகுதியைச் சேர்ந்த ஆலிம் ஒருவர் விருந்தினராக வந்தார். பிள்ளைகளோடு பேசிக்கொண்டே வந்தவர், பின்வரிசையில் இருந்த அவனிடம் உருதுவில் ஏதோ கேட்டார். மடை திறந்தாற்போல் அவன் பேசத் தொடங்கினான். உளூவின் ஃபர்ளுகளைச் சொன்னான், சுன்னத்துகளைச் சொன்னான், மீன் வயிற்றில் இருந்த யூனுஸ் நபி (அலை) அவர்களின் வரலாற்றைத் தன் பாட்டியிடம் கேட்டபடியே ஒப்பித்தான். மற்றப் பிள்ளைகள் வியந்து பார்த்தார்கள். நான் தலை குனிந்தேன். எனக்கு உருது ஓரளவு வாசிக்கத் தெரியும். ஆனால், அப்பிள்ளையோடு அம்மொழியில் இரண்டு வார்த்தை பேசிப் பார்க்க வேண்டும் என்று ஆறு மாதங்களில் ஒருநாள்கூட எனக்குத் தோன்றவில்லை. மந்தம் எவரிடம் இருந்தது என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

ஒரு பிள்ளைக்கு ஒரு மக்தபில் நேர்ந்தது இது. ஒரு நாட்டின் மூன்று மாகாணங்களில், இலட்சக்கணக்கான முஸ்லிம் பிள்ளைகளுக்குத் தலைமுறை தலைமுறையாக இதுவே நேர்ந்தால் என்ன ஆகும்? அந்த வரலாற்றையும், அதற்குத் தீர்வு காண முயன்ற ஒரு கல்வி ஆய்வையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பட்டானி – ஓர் அறிமுகம்

தாய்லாந்து பௌத்தர்கள் பெரும்பான்மையாக வாழும் நாடு என்பது யாவரும் அறிந்ததே. அந்நாட்டின் தென்கோடியில், மலேசிய எல்லையை ஒட்டிப் பட்டானி, யாலா, நராத்திவாத் என்னும் மூன்று மாகாணங்கள் உள்ளன. இவற்றில் ஏறத்தாழ 20 இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். ஐவரில் நால்வர் மலாய் முஸ்லிம்கள். ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர். ரப்பர்த் தோட்டமும் மீன்பிடித் தொழிலும் அவர்களின் வாழ்வாதாரங்கள்.

ஒரு காலத்தில் பட்டானி தனி அரசாக விளங்கியது. 1902இல் அதன் கடைசி அரசர் பதவியிழந்தார். 1909இல் பிரிட்டனும் சயாமும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி கெடா, கிளந்தான், திரெங்கானு, பெர்லிஸ் ஆகியவை பிரிட்டன் வசம் சென்றன. பட்டானி சயாமோடு நின்றுவிட்டது. வரைபடத்தில் இழுக்கப்பட்ட ஒரு கோடு, ஒரே மொழி பேசிய உறவினர்களை இரு நாட்டினர் ஆக்கிற்று.

அம்மண்ணின் சிறப்பு அதன் கல்வியில் இருந்தது. மார்க்கக் கல்வி புகட்டும் ‘பொண்டோக்’ என்னும் நிலையங்கள் அங்கே புகழ் பெற்றவை. ‘தோக் குரு’ அல்லது ‘பாபோ’ என்று அழைக்கப்படும் ஆசிரியரின் இல்லத்தைச் சுற்றிச் சிறு சிறு குடில்களில் மாணவர்கள் தங்கிப் பயில்வார்கள். மலாய் உலகின் பல பகுதிகளிலிருந்தும் மாணவர்கள் அங்கே வந்து ஓதியிருக்கிறார்கள். 1847இல் மறைந்த ஷைகு தாவூத் அல்ஃபதானி அவர்கள் மக்காவில் இருந்துகொண்டே மலாய் மொழியில் எண்ணற்ற நூல்களை இயற்றினார்கள். ஷைகு அஹ்மத் அல்ஃபதானி அவர்கள் 1884 முதல் மக்காவின் உதுமானிய அரசு அச்சகத்தில் மலாய் நூல்களைப் பதிப்பிக்கும் பணியைக் கவனித்து வந்தார்கள். இத்தகைய நாட்டின் பிள்ளைகளைத்தான் பிற்காலத்தில் தேர்வுப் பட்டியல்கள் ‘பின்தங்கியோர்’ என்று குறித்தன.

ஒரு சிறு விளக்கம். அந்நாட்டு மொழிக்குத் ‘தாய்’ என்றே பெயர். நம் ‘தாய்மொழி’ என்னும் சொல்லோடு குழப்பம் நேராதிருக்க, அதனைச் ‘சயாம் மொழி’ என்றே இக்கட்டுரையில் குறிப்பிடுகிறேன்.

பள்ளிக்கூடம் என்றால் அச்சம்

1921இல் சயாம் அரசு கட்டாயத் தொடக்கக் கல்விச் சட்டத்தைக் கொண்டு வந்தது. கல்வி கட்டாயம் என்பது நல்ல நோக்கமே. ஆனால், பயிற்றுமொழி சயாம். பாடநூல்களில் இருந்த பண்பாடு பௌத்தப் பண்பாடு. பள்ளிக்கு அனுப்பினால் பிள்ளை மொழியையும் இழப்பான், மார்க்கத்தையும் இழப்பான் என்று பெற்றோர் அஞ்சினர். 1922இல் நம்சாய் என்னும் ஊரில் எழுந்த கிளர்ச்சிக்கு வரிச்சுமையோடு இச்சட்டத்தையும் ஒரு காரணமாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவர்.

1930களின் இறுதியில் தொடங்கிய பிபுன் சோங்க்ராம் ஆட்சியில் நிலைமை மேலும் இறுகியது. உடை, மொழி, பழக்கவழக்கம் அனைத்திலும் ஒரே பண்பாட்டைத் திணிக்கும் ஆணைகள் பிறந்தன. மக்காவில் கல்வி கற்றுத் திரும்பிய ஹாஜி சுலோங் என்னும் அறிஞர், மார்க்கக் கல்வியையும் புதிய முறைக் கல்வியையும் இணைத்துப் பட்டானியில் ஒரு மதரஸாவை நிறுவியவர். அவர் 1947இல் அரசிடம் ஏழு கோரிக்கைகளை முன்வைத்தார். தொடக்கப் பள்ளிகளில் மலாய் மொழியைக் கற்பிக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. மறு ஆண்டு அவர் கைது செய்யப்பட்டார்; 1954இல் காணாமற் போனார். 1961 முதல் பொண்டோக்குகளைப் பதிவு செய்து, சயாம் மொழியும் உலகியல் பாடங்களும் கற்பிக்கும் தனியார் பள்ளிகளாக மாற்றும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. சிலர் ஏற்றனர்; சிலர் கதவடைத்துக்கொண்டனர்.

இந்தக் கசப்பெல்லாம் திரண்டு 2004இல் வெடித்தது. அவ்வாண்டு ஜனவரி 4ஆம் நாள் நராத்திவாத்தில் இராணுவ ஆயுதக் கிடங்கு தாக்கப்பட்டது. அதே இரவில் ஏறத்தாழ இருபது பள்ளிக்கூடங்கள் தீக்கிரையாயின. அதே ஆண்டு அக்டோபரில் தாக் பாய் என்னும் ஊரில் ஆர்ப்பாட்டம் செய்தவர்களுள் 85 பேர் மாண்டனர். அவர்களில் 78 பேர் இராணுவ வண்டிகளில் ஒருவர்மேல் ஒருவராக அடுக்கி ஏற்றப்பட்டு மூச்சுத்திணறி இறந்தவர்கள். அன்று தொடங்கிய மோதலில் இதுவரை 7,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்துள்ளனர். அவர்களுள் ஆசிரியர்களும் பள்ளிப் பணியாளர்களும் மட்டும் 150க்கும் மேற்பட்டோர். பௌத்தரும் உண்டு, முஸ்லிம்களும் உண்டு. எழுதுகோல் பிடித்த கையைச் சுட்டு வீழ்த்துவதற்கு நம் மார்க்கத்தில் ஒருபோதும் இடமில்லை. அதே வேளையில், பள்ளிக்கூடம் என்னும் கட்டடம் ஒரு சமூகத்தின் கண்ணுக்கு ஏன் பகைவனின் கோட்டையாகத் தெரிந்தது என்பதைச் சிந்திக்காமல் கடந்து செல்வதும் நேர்மையாகாது.

ஆய்வு தொடங்கிய இடம்

இந்தப் புகைமூட்டத்தின் நடுவே, ஒரு பல்கலைக்கழகம் எளிய கேள்வி ஒன்றை எழுப்பியது: இப்பிள்ளைகள் ஏன் படிக்க இயலாமல் தவிக்கிறார்கள்?

பாங்காக்கை அடுத்துள்ள மஹிடோல் பல்கலைக்கழகத்தின் ஆசிய மொழிகள், பண்பாடுகள் ஆய்வு நிறுவனம் பல ஆண்டுகளாகத் தாய்லாந்தின் சிறுபான்மை மொழிகளை ஆராய்ந்து வந்தது. எழுபதுக்கு மேற்பட்ட மொழிகள் வழங்கும் நாடு அது. பேராசிரியை சுவிலாய் பிரேம்சிரிராத் அம்மையாரின் தலைமையில் அந்த ஆய்வாளர்கள் தெற்கே சென்றனர். மக்கள் வீட்டில் எம்மொழி பேசுகிறார்கள், எம்மொழியில் எழுதுகிறார்கள், பிள்ளைகளுக்கு எதை விரும்புகிறார்கள் என்று ஊர் ஊராகக் கேட்டறிந்தனர். உள்ளூர் மக்களையே ஆய்வில் பங்காளிகளாகச் சேர்த்துக்கொண்டனர்.

அவர்கள் கண்டது புதுமையன்று. நம் வீட்டுத் தாய்மார்களும் அறிந்த உண்மையே. நான்கு வயதுப் பிள்ளை வீட்டில் பட்டானி மலாய் மட்டுமே பேசி வளர்கிறது. முதல் நாள் பள்ளியில் நுழைந்ததும் ஆசிரியை சயாம் மொழியில் பேசுகிறார். மலாய் மொழியில் இல்லாத ஒன்று சயாம் மொழியில் உண்டு. அது சொல்லின் தொனி. ஒரே ஒலியை ஐந்து தொனிகளில் உச்சரித்தால் பொருள் மாறிவிடும். எழுத்துகளோ மெய் மட்டுமே 44. பொருள் புரியாத மொழியை, பழக்கமில்லாத எழுத்தில், ஒரே நேரத்தில் கற்க வேண்டும். அம்மொழியின் வழியாகவே கணக்கும் கற்க வேண்டும். பிள்ளை மௌனமாகிவிடுகிறது. ஆசிரியர் ‘மந்தம்’ என்று எழுதிவிடுகிறார். தேசியத் தேர்வுகளில் இம்மூன்று மாகாணங்களும் ஆண்டுதோறும் கடைசி வரிசையில் நின்றதன் இரகசியங்களுள் முதன்மையானது இதுவே.

2007இல் பட்டானி மலாய் – சயாம் இருமொழிக் கல்வித் திட்டம் உருவாயிற்று. பட்டானி, யாலா, நராத்திவாத், சாத்தூன் ஆகிய நான்கு மாகாணங்களிலும் மாகாணத்திற்கு ஒன்றாக நான்கு அரசுப் பள்ளிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. தாய்லாந்து ஆராய்ச்சி நிதியமும் யுனிசெஃப் அமைப்பும் துணை நின்றன.

எப்படிக் கற்பித்தார்கள்?

கற்பிக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் என்னைப் பெரிதும் கவர்ந்தது இத்திட்டத்தின் படிமுறையே.

மழலை வகுப்பில் பிள்ளை தன் மொழியிலேயே கேட்கிறது, பேசுகிறது, கதை சொல்கிறது. சுவரில் ஊர்க்காட்சியைத் தீட்டிய பெரிய படம் ஒன்று தொங்கும். பிள்ளைகள் அதைப் பார்த்துத் தாங்கள் கண்டதைச் சொல்வார்கள். அவர்கள் சொல்வதை ஆசிரியை கரும்பலகையில் எழுதுவார். தன் வாயிலிருந்து புறப்பட்ட சொல் எழுத்தாகி நிற்பதைப் பிள்ளை காண்கிறது. எழுத்து என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாக எந்த விரிவுரையும் விளக்க இயலாது.

கதைப் புத்தகங்களை உள்ளூர் மக்களே எழுதினர். உள்ளூர் ஓவியர்களே படம் வரைந்தனர். அக்கதைகளில் வந்தவை பிள்ளைகள் அன்றாடம் காணும் மரமும் மீனும் படகும் பழமும். வகுப்பில் இரு தடங்கள் வகுத்துக்கொண்டனர். ஒன்று, கதையும் கருத்துமாகப் பொருள் உணர்ந்து மகிழும் தடம். மற்றொன்று, எழுத்தும் ஒலியும் பிழையறக் கற்கும் தடம். ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிடவில்லை.

பிள்ளையின் நா தன் மொழியில் உறுதிப்பட்ட பின்னர், சயாம் மொழியைச் செவிவழியாக அறிமுகம் செய்தனர். “எழுந்திரு”, “கதவைத் திற” என்று ஆசிரியை சயாம் மொழியில் சொல்வார். பிள்ளைகள் செய்து காட்டுவார்கள். பேச வேண்டும் என்னும் நெருக்கடி கிடையாது. கேட்டுப் புரிந்துகொண்டால் போதும். அதன் பிறகே பேச்சு. அதற்கும் பிறகே சயாம் எழுத்தும் வாசிப்பும். வகுப்பு உயர உயரச் சயாம் மொழியின் பங்கு கூடும். ஆயினும் பிள்ளையின் மொழி வகுப்பறையை விட்டு வெளியேற்றப்படாது. மேல் வகுப்புகளில் அரபு எழுத்தில் அமைந்த ஜாவியும், மலேசியாவில் வழங்கும் ரூமி எழுத்தும் சேர்க்கப்பட்டன.

ஆற்றைக் கடப்பவன், ஒரு காலை உறுதியான கல்லில் ஊன்றிக்கொண்ட பிறகுதான் மறு காலை எடுத்து வைப்பான். இத்திட்டத்தின் தத்துவம் அவ்வளவே.

எழுத்து எது? – எழுந்த சர்ச்சை

இதுவரை கூறியதைக் கேட்பவர், எல்லாரும் இத்திட்டத்தை மகிழ்ந்து வரவேற்றிருப்பார்கள் என்று எண்ணக்கூடும். அவ்வாறு நிகழவில்லை. பெரும் எதிர்ப்பு எழுந்தது. எதிர்ப்பின் மையம் எழுத்து.

மழலை வகுப்புகளில் பட்டானி மலாய் மொழியைச் சயாம் எழுத்துகளால் எழுதிக் கற்பித்தனர். ஆய்வாளர்கள் இதற்குக் காரணம் கூறினர். பட்டானி மலாய், ஏட்டு மலாயிலிருந்து பெரிதும் வேறுபட்டது. ஏட்டில் ‘ஜாலான்’ என்பது அங்கே ‘ஜாலே’ ஆகிறது. ‘ஜாலே’ என்றால் வழி. முதல் மெய்யை அழுத்தி ‘ஜ்ஜாலே’ என்றால் நடத்தல். இந்த அழுத்தமும், அப்பேச்சுக்கே உரிய மூக்கொலி உயிர்களும் வழக்கமான ஜாவி, ரூமி எழுத்து முறைகளில் புலப்படுவதில்லை. சயாம் எழுத்துகளைக் கொண்டு அவற்றைக் காட்ட முடியும்; மேலும், பிள்ளை பின்னர்க் கற்க வேண்டிய சயாம் வாசிப்புக்கும் அது பாலமாக அமையும் என்றனர்.

மக்கள் கேட்ட கேள்வி வேறு. “எங்கள் பாட்டனார்கள் மார்க்கச் சட்டங்களையும் வரலாற்றையும் ஜாவியில் எழுதி வைத்தார்கள். எங்கள் மொழிக்குச் சயாம் எழுத்தை அணிவித்தால், நாளை எங்கள் பேரப்பிள்ளை அந்தக் கிதாபுகளை எப்படி வாசிப்பான்? இது கல்வியா, எங்களைக் கரைத்துவிடும் தந்திரமா?” என்று அவர்கள் ஐயுற்றனர். துருக்கியில் 1928இல் எழுத்து மாற்றப்பட்டதும், அடுத்த தலைமுறையே தன் முன்னோரின் கல்லறைக் கல்லைக்கூட வாசிக்க இயலாமல் நின்ற வரலாற்றை அறிந்தவர்கள் இந்த அச்சத்தை எள்ளி நகையாட மாட்டார்கள்.

இந்த இடத்தில் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் உம்ரா சென்றிருந்தபோது, மதீனாவில் பட்டானியைச் சேர்ந்த முதியவர் ஒருவர் என் அருகில் அமர்ந்திருந்தார். எங்களுக்குப் பொதுவாக இருந்தது அரபு மொழி மட்டுமே. அவர் என் குறிப்பேட்டில் ஜாவியில் இரண்டு வரிகள் எழுதினார். ஃபாவின் மேல் மூன்று புள்ளி வைத்தால் ‘ப’, ஐனின் மேல் மூன்று புள்ளி வைத்தால் ‘ங’ என்று காட்டினார். அதன்பின் அவ்வரிகளை என்னால் ஒலிக்க முடிந்தது, பொருள் தெரியவில்லை. நான் அதன் கீழே அரபுத்தமிழில் இரண்டு வரிகள் எழுதினேன். சில எழுத்துகளில் தடுமாறினாலும் அவரும் ஒலித்துவிட்டார். பொருள் அவருக்கும் தெரியவில்லை. இருவரும் சிரித்தோம். பிறகு அவர் கேட்டார்: “உங்கள் ஊரில் இதை எத்தனை பேர் வாசிப்பார்கள்?” என்னால் பதில் சொல்ல இயலவில்லை.

கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களின் ‘ஃபத்ஹுத் தய்யான்’ போன்ற நூல்களை நம் பாட்டிமார்கள் அரபுத்தமிழில் ஓதினார்கள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பெண்கள், மார்க்கச் சட்டங்களைத் தங்கள் தமிழிலேயே அறிந்திருந்தார்கள். அந்த எழுத்தை எவரும் நம்மிடமிருந்து பறிக்கவில்லை. நாமே கைதவற விட்டோம். ஆகவே, பட்டானி மக்கள் தங்கள் எழுத்துக்காகக் குரல் எழுப்பியதை என்னால் குறை கூற முடியவில்லை.

ஆயினும் அந்த ஆய்வாளர்களின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அவர்கள் எதிர்ப்பைக் கண்டு திட்டத்தைக் கைவிடவுமில்லை, காதைப் பொத்திக்கொள்ளவுமில்லை. சமயத் தலைவர்களிடமும் ஊர்ப் பெரியோர்களிடமும் அமர்ந்து பேசினர். ஜாவிக்குப் பாடத்திட்டத்தில் இடம் அளித்தனர். மனக்குறை முற்றிலும் தீர்ந்துவிட்டது என்று கூற முடியாது. ஆனால், மக்களின் சொல்லைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும் ஆய்வே உண்மையான ஆய்வு என்பதற்கு இது சான்றாகிறது.

வேறு சில பெற்றோர் எழுப்பிய வினாவும் குறிப்பிடத்தக்கது. “மலாய்தான் வீட்டிலேயே வருகிறதே! சயாம் மொழி கற்கத்தானே பள்ளிக்கு அனுப்புகிறோம்?” என்றனர் அவர்கள். நியாயமான வினாவே. அதற்குரிய பதிலைப் பிள்ளைகளே தந்தார்கள்.

விளைந்த பயன்

திட்டப் பள்ளிகளின் பிள்ளைகளையும், அதே சூழலில் சயாம் மொழியில் மட்டுமே கற்பித்த பள்ளிகளின் பிள்ளைகளையும் ஆண்டுதோறும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். தன் மொழியில் தொடங்கிய பிள்ளைகள் கணிதத்தில் மேம்பட்டிருந்தனர். வியப்பூட்டும் செய்தி யாதெனில், சயாம் மொழியிலேயே அவர்கள் மேம்பட்டிருந்தனர் என்பதுதான். சயாம் மொழியைத் தாமதமாகத் தொடங்கியவர்கள், முதல் நாளே தொடங்கியவர்களை முந்தினார்கள். யுனிசெஃப் அமைப்பு 2018இல் வெளியிட்ட அறிக்கை இவ்விவரங்களை விரிவாகத் தொகுத்துரைக்கிறது.

2010இல் அப்போதைய பிரதமர் அபிசித் வெஜ்ஜாஜீவா கையெழுத்திட்ட தேசிய மொழிக் கொள்கை, சிறுபான்மை மொழிப் பிள்ளைகளுக்கு இருமொழிக் கல்வியை ஆதரித்தது. 2016இல் யுனெஸ்கோ நிறுவனம் செஜோங் மன்னர் எழுத்தறிவுப் பரிசை மஹிடோல் பல்கலைக்கழகத்தின் இத்திட்டத்திற்கு வழங்கிச் சிறப்பித்தது. நான்கு பள்ளிகளில் தொடங்கிய முயற்சி மேலும் சில பள்ளிகளுக்குப் பரவியது. யாலா ராஜபட் பல்கலைக்கழகம் இம்முறையில் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கியது.

இதனை மிகைப்படுத்தவும் வேண்டாம். நூற்றுக்கணக்கான பள்ளிகள் உள்ள பகுதியில் ஒருசில பள்ளிகளில் நடைபெற்ற முயற்சி இது. மோதலும் முற்றுப்பெறவில்லை. பாடத்திட்டம் ஒன்றினால் துப்பாக்கிகள் மௌனமாகிவிடா. ஆனால், வாயடைத்து உட்கார்ந்திருந்த பிள்ளை வாய் திறந்தான் என்பது சிறிய செய்தியன்று.

பிலிப்பைன்ஸ் காட்டும் எச்சரிக்கை

நல்ல கருத்து இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு அண்டை நாடான பிலிப்பைன்ஸ் சான்று. அந்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட மொழிகள் வழங்குகின்றன. தென்பகுதியான மிண்டனாவோவில் மரனாவோ, மகிந்தனாவோன், தவ்சுக் முதலிய மொழிகள் பேசும் முஸ்லிம்கள் வாழ்கின்றனர். 2004இல் அந்நாட்டுக் கல்வித்துறை, அரசுப் பள்ளிகளில் பயிலும் முஸ்லிம் பிள்ளைகளுக்கு அரபு மொழியும் இஸ்லாமிய ஒழுக்கங்களும் கற்பிக்கும் திட்டத்தைப் பாடத்திட்டத்தில் சேர்த்தது. 2013இல் இயற்றப்பட்ட சட்டம், மழலை வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை பிள்ளையின் மொழியே பயிற்றுமொழி என்று நாடு முழுமைக்கும் விதித்தது.

ஆனால், பல மொழிகளில் போதிய நூல்கள் இல்லை. பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லை. ஒரே வகுப்பில் பல மொழிப் பிள்ளைகள் இருந்தனர். 2024இல் புதிய சட்டம் ஒன்றின் மூலம் அந்தக் கட்டாயம் விலக்கிக்கொள்ளப்பட்டது. நான்கு பள்ளிகளில் தொடங்கி, ஊராரோடு அமர்ந்து கதை எழுதி, மெல்ல வளர்ந்த பட்டானி முயற்சிக்கும், ஒரே சட்டத்தால் நாடெங்கும் விரித்த முயற்சிக்கும் உள்ள வேற்றுமை சிந்தனைக்குரியது.

நாம் பெற வேண்டிய படிப்பினை

எல்லா இறைத்தூதர்களும் தத்தம் சமூகத்தாரின் மொழியிலேயே அனுப்பப்பட்டதாகத் திருமறையின் இப்ராஹீம் அத்தியாயம் அறிவிக்கிறது. விளங்க வைப்பதே அதன் நோக்கம் என்றும் அங்கே கூறப்படுகிறது. அதே வேளையில், பெருமானார் (ஸல்) அவர்கள் தம் தோழர் ஜைத் இப்னு தாபித் (ரலி) அவர்களை யூதர்களின் மொழியைக் கற்குமாறு பணித்தார்கள் என்பதையும் ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். தன் மொழியில் ஊன்றி நிற்பதும், பிற மொழியைத் தேடிக் கற்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. பட்டானிப் பிள்ளைகள் அதனை மெய்ப்பித்துக் காட்டினார்கள்.

நம் இல்லங்களை எண்ணிப் பாருங்கள். மூன்று வயதுக் குழந்தையை ஆங்கில மழலைப் பள்ளியில் சேர்த்துவிட்டு, வீட்டிலும் அதனோடு உடைந்த ஆங்கிலத்தில் பேசும் தாய்மார்கள் பெருகிவிட்டார்கள். அன்புச் சகோதரிகளே! பிள்ளைக்கு ஆங்கிலம் தேவை. அதை மறுப்பார் இல்லை. ஆனால், உங்கள் மடியில் அமர்ந்து உங்கள் மொழியில் ஒரு கதை கேட்காத பிள்ளை, எந்த மொழியிலும் கதை சொல்லாது. வாப்பாவும் உம்மாவும் பாட்டியும் வாய் நிறையப் பேசுகின்ற தமிழோ உருதுவோதான் அப்பிள்ளை ஊன்றி நிற்கும் கல். நாளொன்றுக்குக் கால்மணி நேரம் பிள்ளையோடு பேசுங்கள். அது பேசுவதைக் கேளுங்கள். கட்டணம் இல்லாத கல்வி இது.

மக்தப் ஆசிரியர்களாகிய எங்களுக்கும் இதில் பாடம் உண்டு. ஓதலின் ஒலி திருந்த வேண்டும். அதில் விட்டுக்கொடுக்க இயலாது. ஆனால், ஒலியைத் திருத்திய கையோடு பொருளையும் பிள்ளையின் மொழியில் ஊட்ட வேண்டும். புதிய பிள்ளை சேரும் நாளில், “வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள்?” என்று பெற்றோரிடம் கேட்டுப் பதிவேட்டில் எழுதிக்கொள்வதற்கு ஒரு வரி போதும். எங்கள் மக்தபில் அந்த வழக்கத்தை இப்போது ஏற்படுத்தியிருக்கிறோம். உருது பேசும் பிள்ளை வந்தால், அம்மொழி தெரிந்த மூத்த மாணவன் ஒருவனை அருகில் அமர்த்துகிறோம். வட மாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்து குடியேறியோரின் பிள்ளைகளும் இன்று நம் ஊர் மதரஸாக்களுக்கு வருகிறார்கள் என்பதை ஜமாஅத் நிர்வாகிகள் நினைவில் கொள்ள வேண்டும்.

இன்னொரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில், பாட்டியின் பெட்டியில், மஞ்சளேறிய அரபுத்தமிழ்க் கிதாபு ஏதேனும் இருக்கக்கூடும். அதைப் பழைய தாளோடு போட்டுவிடாதீர்கள். வாசிக்கத் தெரிந்த முதியவர் எவரேனும் உங்கள் முஹல்லாவில் உயிரோடு இருக்கும்போதே, பிள்ளைகளை அவர் அருகில் உட்கார வையுங்கள். மதீனாவில் அம்முதியவர் கேட்ட கேள்விக்கு நாளை நம் பிள்ளைகளாவது பதில் சொல்லட்டும்.

அன்று பின்வரிசையில் இருந்த அச்சிறுவன் அடுத்த நாளே முன்வரிசைக்கு வந்துவிட்டான். மூன்று ஆண்டுகளில் தமிழ், உருது, அரபு மூன்றையும் தடையின்றி வாசித்தான். நான் பதிவேட்டில் எழுதியிருந்த சொல்லை அடித்துவிட்டேன். அடித்த கோட்டுக்குக் கீழே அது இன்றும் படிக்கக்கூடியதாகவே இருக்கிறது. புதிய பிள்ளைகள் சேரும் ஷவ்வால் மாதம்தோறும் அந்தப் பக்கத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.

நம் பிள்ளைகளின் நாவில் உள்ள முடிச்சுகளை வல்ல இறைவன் அவிழ்ப்பானாக! அம்முடிச்சுகளைப் போடுபவர்களாக நம்மை ஆக்காதிருப்பானாக! ஆமீன்.